நிலையங்களை வாங்கி வளர்ந்த ஒரு வானொலிக் கம்பெனி

ஒரு தொழில் இரண்டு வழிகளில் வளரக்கூடும். தன்னிடம் உள்ளதையே பண்படுத்திப் பெருக்கி வளர்வது ஒரு வழி. பிறரிடம் உள்ளதை விலை கொடுத்து வாங்கி வளர்வது மற்றொரு வழி. உழவர் ஒருவர் தம் நிலத்துக்கு எருவிட்டு, நீர் பாய்ச்சி, முன்னைவிட இரு மடங்கு நெல் காண்பது முதல் வழி. அண்டை நிலங்களை ஒவ்வொன்றாக வாங்கி, ஊரின் வயலெல்லாம் தமதாக்கிக்கொள்வது இரண்டாம் வழி. இரண்டாலும் களஞ்சியம் நிறையும். ஆனால், இரண்டும் ஊருக்கு ஒரே வகையான பயன் தருமா என்பது வேறு வினா.

இந்த வினாவை வானொலித் துறையில் வைத்து ஆராய்வதே என் நோக்கம். அதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் கிளியர் சேனல் கம்யூனிகேஷன்ஸ் என்னும் கம்பெனியின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். 1972 ஆம் ஆண்டில் ஒரே ஒரு நிலையத்துடன் தொடங்கிய அக்கம்பெனி, முப்பது ஆண்டுகளில் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு உரிமையாளர் ஆயிற்று. உலக வானொலி வரலாற்றில் அதற்கு முன் தனியார் எவரும் எட்டாத எண்ணிக்கை அது.

வானொலி நிலையத்தை வாங்குபவர் உண்மையில் எதை வாங்குகிறார் என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். கட்டடம், கோபுரம், ஒலிபரப்புக் கருவி ஆகியவற்றைப் பணம் உள்ளவர் எவரும் அமைத்துக்கொள்ளலாம். ஆனால், ஒலியை ஏற்றிச் செல்லும் அலைவரிசையை எவரும் உண்டாக்க முடியாது. ஓர் ஊரில் ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் கேளாது. ஆகவே, இன்ன அலைவரிசையை இன்னார் பயன்படுத்தலாம் என்று யாரேனும் பங்கிட்டுக் கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் 1927 ஆம் ஆண்டு வானொலிச் சட்டம் இப்பணியை ஓர் ஆணையத்திடம் ஒப்படைத்தது. 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இன்றுள்ள கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் தோன்றியது. அலைவரிசை எவருக்கும் சொந்தமன்று. பொதுமக்களின் நலத்தையும் வசதியையும் தேவையையும் கருதி, குறித்த காலத்துக்குப் பயன்படுத்தும் லைசென்ஸ் மட்டுமே வழங்கப்படும் என்பது அச்சட்டங்களின் அடிப்படை.

எனவே, நிலையம் விலைபோகும்போது உண்மையில் விலைபோவது அந்த லைசென்ஸே. ஆணையத்தின் இசைவு பெற்றே அது கை மாற முடியும். பொதுமக்களுக்கு உரிய ஒன்று, தனியாரின் கைகளில், விலையுள்ள பொருளாகப் புழங்குகிறது. இம்முரண்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னர் நிகழ்ந்தவை அனைத்தும் எளிதில் விளங்கும்.

நிலையத்தை விலைக்கு வாங்கும் வழக்கம் அமெரிக்க வானொலியின் வயதை ஒத்தது. பிட்ஸ்பர்க் நகரில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் கே.டி.கே.ஏ. நிலையம் 1920 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள், குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவுகளை ஒலிபரப்பிப் பெயர் பெற்றது. ஆறே ஆண்டுகள் கழித்து, 1926 இல், ஆர்.சி.ஏ. கம்பெனி நியூயார்க்கிலிருந்த டபிள்யூ.ஈ.ஏ.எஃப். நிலையத்தைத் தொலைபேசிக் கம்பெனியிடமிருந்து பத்து இலட்சம் டாலருக்கு வாங்கியது. அதனை நடுவாக வைத்து என்.பி.சி. என்னும் ஒலிபரப்பு வலையை அமைத்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வலை என்பது வேறு. உடைமை என்பது வேறு. வலையில் சேர்ந்த நிலையங்களுள் பெரும்பாலானவை தத்தம் உரிமையாளர்களிடமே இருந்தன. தொலைபேசிக் கம்பி வழியாக நியூயார்க்கிலிருந்து வரும் நாடகத்தையும் இசையையும் அவை வாங்கி ஒலிபரப்பின. எஞ்சிய நேரத்தில் தம் ஊர் நிகழ்ச்சிகளை நடத்தின. ஆயினும், வலையின் வலிமையே மிகுதியாகிவிட்டது என்று ஆணையம் கருதியது. என்.பி.சி. சிவப்பு வலை, நீல வலை என இரு வலைகளை நடத்திவந்தது. ஒரே கம்பெனி இரு வலைகளை நடத்துவதைத் தடுக்கும் விதிகளை ஆணையம் 1941 இல் வகுத்தது. கம்பெனிகள் வழக்காடின. 1943 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நீல வலை எண்பது இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதுவே பின்னர் ஏ.பி.சி. எனப் பெயர் பெற்றது.

உடைமைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. ஒரே ஊரில் ஒரே வகையான இரு நிலையங்களை ஒருவர் வைத்திருக்கலாகாது என்பது ஒரு விதி. நாடு முழுவதிலும் ஒருவர் ஏழு ஏ.எம். நிலையங்களுக்கும் ஏழு எஃப்.எம். நிலையங்களுக்கும் மேல் வைத்திருக்கலாகாது என்பது 1953 இல் உறுதிப்பட்ட மற்றொரு விதி. பல குரல்கள் ஒலித்தால்தான் மக்கள் ஒப்பிட்டுத் தெளிவார்கள் என்பது இவ்விதிகளுக்கு அடிப்படையான எண்ணம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த ஏழு என்னும் வேலி அசையாமல் நின்றது.

அந்த வேலிக்குள் நின்றுதான் நம் கதைக்குரிய கம்பெனி பிறந்தது. டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் லோரி மேஸ் என்பவர் வாழ்ந்தார். அவர் பெட்ரோலியப் பொறியியல் கற்றவர். பின்னர் ஹார்வர்டில் வாணிகவியல் பயின்றவர். தொழில்களுக்கு முதலீடு திரட்டித் தரும் பணியில் இருந்தவர். நண்பர் ஒருவர் ஒரு வானொலி நிலையத்தை வாங்கக் கடன் பெற்றபோது மேஸ் அதற்கு உடன் கையொப்பமிட்டார் என்றும், நண்பர் பின்வாங்கவே நிலையம் இவர் தலையில் விழுந்தது என்றும் அவருடைய வரலாற்றைக் கூறுவோர் குறிப்பிடுகின்றனர். மோட்டார் வண்டி விற்பனையில் பெருஞ்செல்வம் ஈட்டிய ரெட் மெக்கோம்ப்ஸ் அவருக்குக் கூட்டாளியானார். இவ்வாறு 1972 இல் இருவரும் வாங்கியது கே.ஈ.ஈ.இஸட். என்னும் எஃப்.எம். நிலையம்.

1975 இல் அதே நகரின் புகழ்வாய்ந்த டபிள்யூ.ஓ.ஏ.ஐ. நிலையத்தை வாங்கினார்கள். கம்பெனிக்குப் பெயர் தந்தது இந்நிலையமே. அப்பெயரின் பொருளை அறிய, சிறிது பௌதிகம் வேண்டும். ஏ.எம். அலைகள் பகலில் பெரும்பாலும் நிலத்தை ஒட்டியே பரவும். வானத்தை நோக்கிச் செல்லும் பகுதியை, வளிமண்டலத்தின் மேற்பரப்பில் ஞாயிற்றின் ஒளியால் உண்டாகும் ஓர் அயனி அடுக்கு உறிஞ்சிவிடும். இரவில் அவ்வடுக்கு மறைந்துவிடும். அப்போது அலைகள் இன்னும் உயரே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வந்து இறங்கும். தொலைதூரத்து ஊரும் கேட்கும். அதே காரணத்தால் தொலைதூரத்து நிலையங்கள் ஒன்றோடொன்று மோதவும் செய்யும். இதனைத் தவிர்க்கச் சில அலைவரிசைகளை இரவில் பிற நிலையங்களின் குறுக்கீடு இல்லாமல் ஒதுக்கினார்கள். அவற்றுக்குக் கிளியர் சேனல், அதாவது இடையூறற்ற தடம், என்று பெயர். 1200 கிலோசைக்கிள் அலைவரிசையில் 50,000 வாட் ஆற்றலுடன் ஒலித்த டபிள்யூ.ஓ.ஏ.ஐ. அத்தகைய நிலையம். கம்பெனி அச்சொல்லையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது.

தொடக்கத்தில் வளர்ச்சி நிதானமாகவே இருந்தது. 1984 இல் கம்பெனி தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்று முதல் திரட்டியது. அதே காலத்தில் வேலியும் தளரத் தொடங்கியது. ஏழு என்னும் வரம்பைப் பன்னிரண்டாக உயர்த்த ஆணையம் 1984 இல் முடிவு செய்தது. 1992 இல் அது பதினெட்டு ஆயிற்று; 1994 இல் இருபது ஆயிற்று. ஒரே ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களை வைத்திருக்கவும் 1992 இல் வழி திறந்தது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. லைசென்ஸ்கள் தாராளமாக வழங்கப்பட்டு நிலையங்களின் எண்ணிக்கை பெருகியிருந்தது; விளம்பர வருவாயைப் பலரும் பங்கிட்டுக்கொண்டதால், சிறிய நிலையங்கள் பல நட்டத்தில் தத்தளித்தன. நலிந்த நிலையங்களை ஒன்று சேர்த்தால் அவை பிழைக்கும் என்பது அன்று கூறப்பட்ட வாதம்.

1996 ஆம் ஆண்டு பிப்ரவரி 8 ஆம் நாள் குடியரசுத் தலைவர் கிளின்டன் கையொப்பமிட்ட தகவல் தொடர்புச் சட்டம் வேலியையே எடுத்துவிட்டது. நாடு முழுவதிலும் ஒரு கம்பெனி எத்தனை வானொலி நிலையங்களை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்று ஆயிற்று. ஊர்தோறும் மட்டும் வரம்பு எஞ்சியது. 45 அல்லது அதற்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ள பெருநகரில் ஒருவர் எட்டு வரை வைத்திருக்கலாம். அவற்றுள் ஒரே வகையைச் சேர்ந்தவை ஐந்துக்கு மேற்படலாகாது. சிறிய ஊர்களில் இவ்வெண் படிப்படியாகக் குறையும்.

இச்சட்டம் வந்ததும் நிலையங்கள் சந்தைப் பொருளாகக் கை மாறத் தொடங்கின. ஏன் அத்துணை ஆவல் என்று என் வகுப்பு மாணவர்கள் கேட்பதுண்டு. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக்காட்டியே நான் அதற்கு விடை சொல்வது வழக்கம். இது பொருள் விளங்குவதற்காக நானே அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு.

ஓர் ஊரில் நான்கு நிலையங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு வருவாய் 10 இலட்சம் டாலர். செலவு 9 இலட்சம். இலாபம் 1 இலட்சம். நான்கையும் ஒருவர் வாங்கி ஒரே கட்டடத்தில் வைக்கிறார். நான்கு பொறியாளர் செய்த வேலையை ஒருவர் செய்கிறார். நான்கு கணக்கர், நான்கு மேலாளர், நான்கு விளம்பர விற்பனைக் குழுவினர் தேவையில்லை. ஒவ்வொரு நிலையத்தின் செலவும் 6 இலட்சமாகக் குறைகிறது. மொத்த வருவாய் முன்போலவே 40 இலட்சம். செலவு 24 இலட்சம். இலாபம் 16 இலட்சம். முன்பு நால்வரும் சேர்ந்து பெற்ற இலாபம் 4 இலட்சமே. தனி உரிமையாளர் தம் நிலையத்துக்கு, ஆண்டு இலாபத்தைப் போல் பத்து மடங்காக, 10 இலட்சம் விலை எதிர்பார்க்கிறார். வாங்குபவரோ 20 இலட்சம் கொடுத்தாலும் அவருக்கு ஆதாயமே. விற்பவர் மகிழ்கிறார், வாங்குபவரும் மகிழ்கிறார். வேலை இழந்தவர்களையும் கேட்பவர்களையும் பற்றி இந்தக் கணக்கில் இடம் இல்லை.

கிளியர் சேனல் இக்கணக்கைத் தேசிய அளவில் செய்துகாட்டியது. சட்டம் நிறைவேறிய காலத்தில் அதனிடம் இருந்தவை சுமார் 40 வானொலி நிலையங்கள். 1999 இல் இருநூறுக்கு மேற்பட்ட நிலையங்களை உடைய ஜேக்கர் கம்யூனிகேஷன்ஸ் அதனுடன் இணைந்தது. அதே ஆண்டு அக்டோபர் மாதம், நானூறுக்கு மேற்பட்ட நிலையங்களை உடைய ஏ.எம்.எஃப்.எம். கம்பெனியை வாங்கப்போவதாக அறிவித்தது. பெரிய மீனை அதனினும் பெரிய மீன் விழுங்கியது என்று இதனைக் கூறலாம். ஏனெனில், ஏ.எம்.எஃப்.எம். கம்பெனியே, பல நிலையங்களை வாங்கிச் சேர்த்த சான்சலர் மீடியா, கேப்ஸ்டார் என்னும் இரு கம்பெனிகளின் இணைப்பால் தோன்றியது.

கடன்களையும் சேர்த்து அந்தக் கொள்முதலின் மதிப்பு சுமார் 2,350 கோடி டாலர். இத்துணைப் பணத்தை எவரும் பெட்டியில் வைத்துக்கொண்டு வரவில்லை. ஏ.எம்.எஃப்.எம். பங்குதாரர்களுக்குக் கிளியர் சேனலின் பங்குகள் கொடுக்கப்பட்டன. கம்பெனியின் பங்கு விலை உயர்ந்திருக்கும்போது அப்பங்கே நாணயம்போல் பயன்படும். வாங்க வாங்க விலை உயர்ந்தது. விலை உயர உயர வாங்க முடிந்தது. அரசின் நீதித்துறை, போட்டி அழிந்துவிடாதிருக்க 27 நகரங்களில் 99 நிலையங்களை விற்றுவிட வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டில் நிபந்தனை விதித்தது. அவற்றை விற்ற பின்னரும் கம்பெனி சில ஆண்டுகளில் 1,200 நிலையங்களைத் தாண்டிவிட்டது. விளம்பரப் பலகைகளும், இசை நிகழ்ச்சிகளை நடத்தும் எஸ்.எஃப்.எக்ஸ். கம்பெனியும் அதனிடம் வந்து சேர்ந்தன. பாடலை ஒலிபரப்புவதும், பாடகரின் அரங்க நிகழ்ச்சியை நடத்துவதும், அதற்குத் தெருவில் விளம்பரம் வைப்பதும் ஒரே கை செய்யும் நிலை உண்டாயிற்று.

ஆயிரம் நிலையங்களுக்கு ஆயிரம் அறிவிப்பாளர் குழுக்களை வைத்துக்கொண்டால் கணக்கின் ஆதாயம் கிட்டாது. ஆகவே, ஓர் ஊரில் இருக்கும் அறிவிப்பாளர் பல ஊர்களுக்கு வேண்டிய பேச்சை முன்னரே பதிவு செய்து அனுப்பும் முறை பரவியது. ஊர்ப் பெயரையும் தட்பவெப்பத்தையும் இடையில் சேர்த்துவிட்டால், கேட்பவர் தம் ஊர்க்காரரே பேசுவதாக எண்ணிக்கொள்வார். கணிப்பொறி அப்பதிவுகளையும் பாடல்களையும் வரிசைப்படி ஒலிக்கச் செய்யும். இரவு நேரங்களில் நிலையத்தில் ஆளே இல்லாமலும் ஒலிபரப்பு நடைபெறலாம்.

இவ்வளர்ச்சிக்குச் சார்பான வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கூறுவது என் கடமை. பீட்டர் ஸ்டைனர் என்னும் பொருளியல் அறிஞர் 1952 இல் ஒரு கருத்தை வெளியிட்டார். போட்டி மிகுந்தால் நிகழ்ச்சிகளின் வகை மிகும் என்பது எப்போதும் உண்மையன்று என்பது அவர் கருத்து. ஓர் ஊரில் 5,000 நேயர்கள் உளர் என்று கொள்வோம். அவர்களுள் 3,600 பேர் மெல்லிசையையும், 800 பேர் நாடகத்தையும், 600 பேர் சாஸ்திரிய இசையையும் விரும்புகின்றனர். தனித்தனி உரிமையாளர் மூவர் இருந்தால் மூவரும் மெல்லிசையையே ஒலிபரப்புவர். அப்போது ஒவ்வொருவருக்கும் 1,200 பேர் கிட்டுவர்; நாடகத்துக்கு மாறினால் 800 பேரே கிட்டுவர். மூன்று நிலையங்களும் ஒருவரிடமே இருந்தாலோ, தம்மோடு தாமே போட்டியிடுவதில் அவருக்குப் பயனில்லை. மூன்று நிலையங்களிலும் மூன்று வகை நிகழ்ச்சிகளை அளித்து 5,000 பேரையும் அவர் கவர்ந்துகொள்வார். 1996 க்குப் பின் வெளிவந்த சில ஆய்வுகளும், உடைமை குவிந்த நகரங்களில் நிகழ்ச்சி வகைகள் கூடியதைக் காட்டின.

இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. இசை வகைகளைப் பொறுத்த வரை இதில் உண்மை இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆனால், வானொலியின் பணி இசையோடு முடிவதன்று. ஒரு செய்தியை வெளியிடுவதா, விடுவதா என்று தீர்மானிப்போர் எத்தனை பேர் என்பது ஸ்டைனரின் கணக்கில் வருவதில்லை. 1996 க்கும் 2002 க்கும் இடையில் அமெரிக்காவில் வாணிக வானொலி நிலையங்களின் எண்ணிக்கை சிறிது கூடியது. உரிமையாளர்களின் எண்ணிக்கையோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒலிக்கும் நிலையங்கள் பல. அவற்றைப் பற்றி முடிவு செய்யும் மனங்கள் சில.

இதன் பொருளை ஒரு சிறிய ஊர் உணர்ந்தது. வட டக்கோட்டா மாநிலத்தில் மைனாட் என்பது சுமார் 36,000 மக்கள் வாழ்ந்த நகரம். அங்கிருந்த ஆறு வாணிக நிலையங்களும் கிளியர் சேனலுக்குச் சொந்தமாயிருந்தன. 2002 ஆம் ஆண்டு ஜனவரி 18 ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி அளவில், நகருக்கு அருகே சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டது. வண்டித் தொட்டிகள் உடைந்து அம்மோனியா நச்சு வாயு மேகம்போல் பரவியது. மின்சாரமும் பல பகுதிகளில் நின்றது. மக்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டுமா, கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டுமா? அதை அறிவிக்க வேண்டிய வேளையில் காவல் துறையினர் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தனர். எவரையும் பிடிக்க இயலவில்லை என்றனர். வானொலியைத் திருகியவர்களுக்கு வழக்கமான நிகழ்ச்சியே கேட்டது. ஒருவர் உயிரிழந்தார், பல நூறு பேர் மருத்துவ உதவி நாட நேர்ந்தது.

இதில் குற்றம் யாருடையது என்பது பற்றி வழக்கு உண்டு. நிலையத்தில் ஆள் இருந்தார் என்றும், மக்களின் அழைப்புகளால் தொலைபேசி அடைபட்டிருந்தது என்றும், அவசர அறிவிப்புக்கு உரிய கருவியைக் காவல் துறையினர் முறையாகப் பயன்படுத்தவில்லை என்றும் கம்பெனி விடையிறுத்தது. அதனையும் நாம் கருத்தில் கொள்ளவேண்டும். ஆயினும், ஆறு நிலையங்கள் ஆறு பேரிடம் இருந்திருந்தால், ஒரு கதவு திறவாதபோது தட்டுவதற்கு வேறு ஐந்து கதவுகள் இருந்திருக்கும். இதனை மறுப்பது அரிது. செலவைக் குறைக்கும் கணக்கில் வீண் என்று தோன்றும் பெருக்கம், இடர் வரும் நாளில் காப்பாக நிற்கிறது. தாழ்ப்பாள் இருக்கும் கதவுக்குப் பூட்டும் போடுகிறோமே, அதுபோல்.

கிளியர் சேனல் பற்றிய விவாதம் 2003 ஜனவரியில் அமெரிக்க செனட் சபையின் குழு முன்பு வந்தது. லோரி மேஸும், அவர் கம்பெனியின் போக்கைக் குறைகூறிய இசைக்கலைஞர் டான் ஹென்லியும் சாட்சியம் அளித்தனர். அதே ஆண்டில் பார்ச்சூன் இதழுக்கு அளித்த பேட்டியில் மேஸ் ஒளிவுமறைவின்றிப் பேசினார்: தம் தொழில் செய்தி தருவதும் அன்று, நல்லிசை தருவதும் அன்று, வாடிக்கையாளரின் சரக்கை விற்றுக்கொடுப்பதே என்ற பொருள்படக் கூறினார். பலர் இதற்காக அவரைக் கடிந்தனர். நானோ அந்த வெளிப்படைத்தன்மையை மதிக்கிறேன். வாணிக ஒலிபரப்பில் வாடிக்கையாளர் என்பவர் விளம்பரம் கொடுப்பவரே. நேயர், விற்கப்படும் கவனத்துக்கு உரியவர். இந்த உண்மையை அத்துறையின் தலைவர் ஒருவரே சொன்னது மாணவர்களுக்குச் சிறந்த பாடம்.

வளர்ச்சியின் இறுதிக் கட்டத்தை நிர்ணயித்தது செனட் சபையன்று, கடனே. பழைய கணக்குக்கு மீண்டும் வருவோம். நான்கு நிலையங்களையும் வாங்கிய 80 இலட்சமும் நூற்றுக்குப் பத்து வட்டிக்குப் பெற்ற கடன் என்று கொள்வோம். ஆண்டு வட்டி 8 இலட்சம். இலாபம் 16 இலட்சம் ஆகையால் கவலை இல்லை. விளம்பர வருவாய் நான்கில் ஒரு பங்கு குறைந்தால் என்ன ஆகும்? வருவாய் 30 இலட்சம். செலவு 24 இலட்சம். மீதி 6 இலட்சம். வட்டியோ 8 இலட்சம். நிலையங்கள் இலாபத்தில் நடக்கின்றன, கம்பெனியோ முறிகிறது!

இதுதான் நடந்தது. 2006 நவம்பரில் பெயின் கேப்பிட்டல், தாமஸ் எச். லீ பார்ட்னர்ஸ் என்னும் இரு முதலீட்டு நிறுவனங்கள் கிளியர் சேனலை வாங்க உடன்பட்டன. 2008 ஜூலையில் அந்த வாணிகம் முடிந்தது. வாங்கிய பணத்தின் பெரும்பகுதி கடன். அக்கடன் வாங்கப்பட்ட கம்பெனியின் மீதே ஏற்றப்பட்டது. அதன் கடன் சுமார் 2,000 கோடி டாலர் ஆயிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சி வந்தது, விளம்பரம் சரிந்தது. 2009 ஜனவரியில் ஒரே சமயத்தில் 1,850 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். இணையத்தின் வழியே பாடல் கேட்கும் பழக்கமும் பரவியது. 2014 இல் கம்பெனி ஐ ஹார்ட் மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறியதே தவிரக் கடன் மாறவில்லை. 2018 மார்ச்சில் அது நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2019 மே மாதத்தில் மீண்டு வந்தபோது, 1,610 கோடி டாலர் கடன் 575 கோடியாகக் குறைக்கப்பட்டிருந்தது. கடன் கொடுத்தவர்களே பெரும்பாலான பங்குகளுக்கு உரியவர் ஆயினர்.

இது ஒரு கம்பெனியின் தனிப்பட்ட ஊழ் என்று எண்ணவும் இடமில்லை. இதே வழியில் நிலையங்களை வாங்கிக் குவித்த க்யூமுலஸ் 2017 இல் திவால் பாதுகாப்பை நாடியது. 2017 இல் சி.பி.எஸ். வானொலியைத் தன்னுடன் இணைத்துக்கொண்டு, பின்னர் ஆடசி என்று பெயர் பெற்ற கம்பெனி 2024 இல் அதே நிலையை அடைந்தது. அகலக் கால் வைக்காதே என்று நம் பாட்டிமார் சொல்லும் அறிவுரை, வாணிகக் கல்லூரிகளுக்கும் உரியதே.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லி முடிக்கிறேன். பெரிய கம்பெனிகள் வளர்ந்த அதே 2000 ஆம் ஆண்டில், ஆணையம் குறைந்த ஆற்றல் உள்ள எஃப்.எம். நிலையங்களுக்கு லைசென்ஸ் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. உச்ச ஆற்றல் 100 வாட். சில மைல் தொலைவே கேட்கும். இலாபம் நோக்காத சங்கங்களும் பள்ளிகளும் வழிபாட்டுச் சபைகளும் அவற்றைப் பெறலாம். 2011 இல் நிறைவேறிய ஒரு சட்டத்தால் அவை மேலும் பெருகின. 50,000 வாட் நிலையத்தின் முன் 100 வாட் நிலையம் அகல்விளக்கு போன்றதே. ஆனால், அது எரியும் இடத்தில் ஆள் உண்டு. மறுபுறம், நிலையத்தின் முதன்மைக் கூடம் அதன் ஊரிலோ அருகிலோ இருக்கவேண்டும் என்னும் பழைய விதியை ஆணையம் 2017 இல் நீக்கிவிட்டது. ஆகவே, இரண்டு போக்குகளும் இன்றும் அங்கே ஒன்றோடொன்று இழுபறியில் நிற்கின்றன. ஐ ஹார்ட் மீடியா இன்றும் எண்ணூறுக்கு மேற்பட்ட நிலையங்களை உடைய பெரிய கம்பெனியாகவே விளங்குகிறது.

இவ்வரலாற்றில் தீயவர் என்று எவரையும் சுட்ட எனக்கு விருப்பம் இல்லை. மேஸ் சட்டத்தை மீறியவர் அல்லர். சட்டம் திறந்துவிட்ட வழியில் பிறரைக் காட்டிலும் விரைந்து நடந்தவர். நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வழியைத் திறந்தவர்கள் போட்ட கணக்கை. சேமிப்பை அவர்கள் சரியாகவே எண்ணினர். வருவாய் குறையும் ஆண்டையும், நச்சுப் புகை சூழும் இரவையும் அவர்கள் எண்ணவில்லை. எண்ணில் அடங்குவதை மட்டும் எண்ணுவது எளிது. ஓர் ஊர் தன் குரலைத் தானே கேட்பதற்கு என்ன மதிப்பு என்பதை எண்ணில் அடக்க எவரும் இதுவரை வழி காணவில்லை. அதனால் அதற்கு மதிப்பே இல்லை என்று முடிவு செய்வது பிழை. பொருளியல் பயிலும் மாணவர்கள் வரவு செலவுக் கணக்கைக் கூர்ந்து படிப்பதோடு, அதில் எழுதப்படாமல் விடுபட்டவை யாவை என்று கேட்கவும் பழகிக்கொள்ள வேண்டும்.